ஒரே சிக்னல், ஆறு போட்டோ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது போனும் அடித்தது. கலாமணி.

"ஏனுங்கக்கா, வெசயம் தெரியுங்களா? உங்க வண்டி மேல ஒம்பது கேஸ் நிக்குதாமாங்க!"

கேஸா? எங்கள் வண்டி மேலா? அது பத்து வருஷத்து ஸ்கூட்டர். அதன் மேல் இருப்பது தூசியும் காக்கா எச்சமும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலாமணி யாரென்று சொல்லிவிடுகிறேன். சூலூரில் எனக்கு ஜாக்கெட் தைத்துத் தருபவர். கொஞ்ச நாளாகத் தையல் ஆர்டர் குறைந்துபோக, சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. பார்க் கேன்டீனில் வேலை வாங்கியிருந்தார். காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர முடியுமா? வாய்ப்பே இல்லை.

"சொந்தமா வண்டி இருக்குதான்னு கேட்டாங்கக்கா. இருக்குதுன்னு சொல்லிப்போட்டேனுங்க."

அவர் இருக்கிறது என்று சொன்ன அந்த வண்டி, எங்கள் வீட்டு பார்க்கிங்கில் கவர் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஸ்கூட்டர்தான். விற்பதாக நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்ட அடுத்த நிமிஷமே கேட்டுவிட்டார். ஒண்ணாம் தேதி வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அது கர்நாடகா வண்டி.

நாங்கள் பெங்களூரில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூருக்கே திரும்பி வந்தோம். சாமான்களோடு லாரியில் ஸ்கூட்டரும் வந்தது, கேஏ என்று ஆரம்பிக்கும் நம்பர் பிளேட்டோடு. ஒரு வருஷத்துக்குள் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாற்றினோமா? மூன்று வருஷமாக 'அடுத்த வாரம்' மாற்றிக்கொண்டிருந்தோம்...

இப்போது கலாமணி பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் பெங்களூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒரு என்.ஓ.சி. தர வேண்டும். இந்த வண்டி இங்கிருந்து போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதம். பழைய டிராஃபிக் ஃபைன் பாக்கி இருந்தால் அந்தக் காகிதம் வராது. கலாமணி விவரமானவர். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஃபாரம் நிரப்பித் தருகிறவரிடம் நம்பரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் அந்த ஒன்பது கேஸ்.

"இருக்கவே இருக்காது கலாமணி" என்றேன். "நம்பர் மாறியிருக்கும். எங்க வீட்டுல யாரும் ரூல்ஸை மீறினதே இல்லைங்க."

இதை நான் சொன்ன தோரணையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் ஹெல்மெட் போடாதவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? "தலைமுடி கலைவது பெரிதா, தலை கலைவது பெரிதா?" என்றெல்லாம் கேட்டு... பல பேர் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்த மிதப்பு.

போனை வைத்துவிட்டு வெப்சைட்டைத் திறந்தேன். வண்டி நம்பரைப் போட்டேன். ஒன்பது வரி வந்து நின்றது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன கேமரா படம். தொட்டால் போட்டோ திறக்கும்.

முதல் போட்டோவைத் தொட்டேன்.

நான்தான்.

சந்தேகத்துக்கு இடமே இல்லை. என் மஞ்சள் சுடிதார். முன்னால் ஒரு கட்டுக் கீரை. ஹெல்மெட் எங்கே? வண்டியின் கொக்கியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டுக் கீரைக்காக நான் என் தலையைப் பணயம் வைத்ததற்கு அரசாங்கமே சாட்சி.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தார். சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு! "அந்த ஹெல்மெட் பத்தியை எடுத்துட்டு வா அம்மணி. போட்டோவுக்குப் பக்கத்துல ஒட்டி ஃபிரேம் போட்டு மாட்டிப்போடலாம்."

இரண்டாவது நான். மூன்றாவதும் நான். அவருடைய சிரிப்பு ஏறிக்கொண்டே போனது.

நான்காவதைத் தொட்டேன். சிரிப்பு நின்றது.

அதில் அவர் இருந்தார்.

"சரி, விடு. போனைக் குடு. எல்லாத்தையும் நானே கட்டிப்போடறேன். நீ போய்க் குக்கரைப் பாரு."

குக்கரை அணைத்துப் பத்து நிமிஷமாகியிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். ஒரு மனைவிக்குச் சந்தேகம் வர இதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் நிதானமாக உட்கார்ந்தேன். மிச்சம் ஆறு போட்டோ. ஆறிலும் அவர்தான். ஆறிலும் ஹெல்மெட் தலையில் இல்லை, கொக்கியில் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் ஜெகதீசனைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வண்டியில் சாவி போடுவதற்கு முன்பே ஹெல்மெட் போடுகிற ஆள். கேட்டுக்கு வெளியே வண்டியை நகர்த்தி நிறுத்தவும் ஹெல்மெட் போடுவார்.

சரி, யாருக்குமே சில நாள் மறக்கும். ஆனால் ஆறும் ஒரே சிக்னல். ஆறும் வேலை நாள். ஆறும் காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில். அதுவும் நாங்கள் பெங்களூரைக் காலி செய்வதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள்.

அந்த நேரத்தில் அந்த ஸ்கூட்டர் எங்கே இருந்திருக்க வேண்டும்? மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங்கில். தினமும் எட்டரைக்கு ஸ்கூட்டரில் ஸ்டேஷன் வரைக்கும் போய், அங்கிருந்து மெட்ரோவில் ஆபீஸ் போவார். எங்கள் வீடு நகரத்தின் ஒரு கோடி. ஆபீஸும் அதே பக்கம்தான், மெட்ரோவில் நாலு ஸ்டேஷன். அந்த சிக்னலோ இன்னொரு கோடி. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. நண்பர் இல்லை. பேங்க்கூட இல்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஆறு போட்டோவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் சீட்டில் யாராவது இருக்கிறார்களா? இல்லை. பூ, கிஃப்ட் பார்சல்? இல்லை. கால் வைக்கும் இடத்தில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை மட்டும். இன்னொரு வீட்டுக்குப் போகிறவர் என் கத்திரிக்காய் சாதத்தை எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

கேட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? இரண்டு நாள் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலோடு அதற்கப்புறம் நான் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும்... பயமாக இருந்தது. விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, அந்த இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கு நடுவே ஆன்லைனில் ஃபைன் கட்டப் பார்த்தோம். மூன்று தடவையும் திரையில் சக்கரம் சுற்றியதுதான் மிச்சம். எப்படியும் என்.ஓ.சி.க்கு ஒரிஜினல் ஆர்.சி. புத்தகத்தோடு நேரில் போயாக வேண்டும். வண்டியின் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயது மனிதர், காலணா மேல் காகிதம் வைத்துத் தேய்க்கும் பிள்ளை மாதிரி பார்க்கிங்கில் குப்புறப் படுத்துத் தேய்த்தார்.

"நான் மட்டும் போய்ட்டு வாரேன். நீ எதுக்கு அலையறே?" என்றார்.

"நானும் வாரேனுங்க. முதல் மூணு கேஸ் என்னுதுதானே?"

காலை ரயில். திருப்பூர் தாண்டும் வரை அவர் பேப்பர் படித்தார். ஈரோடு தாண்டும் வரை அதே பக்கத்தைப் படித்தார். நான் ஜன்னல் பக்கம். இட்லி வந்தது, காபி வந்தது. "சட்னி கெட்டியா இருக்குது" என்றார். "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஃபைனை எந்த டிராஃபிக் ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கட்டலாமாம். நான் அந்த சிக்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷன் பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

கவுன்டரில் ஒரு பெண் ஏ.எஸ்.ஐ. கன்னடம் கலந்த நல்ல தமிழ். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னுடைய மூன்றையும் பார்த்துவிட்டு, "கீரை ஃப்ரெஷ்ஷா இருந்துச்சா மேடம்?" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அப்புறம் அந்த ஆறு. ஒவ்வொன்றாகத் திறந்தார். என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சார், ஒரே டைமு, ஒரே ஜாகா, ஒரே மாதிரி ஹெல்மெட் இல்ல... தினம் தினம் அங்க என்ன வேலை உங்களுக்கு?"

சும்மா கேட்டதுதான். பதில்கூட அவர் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ரசீதுக்குக் கை போய்விட்டது.

என் வீட்டுக்காரர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேலை இல்லைங்க மேடம். அதனாலதான் அங்க போனேன்."

அந்தப் பெண்மணி நிமிர்ந்து முதலில் அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்து எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ரசீதுகளை அடுக்கி, ஓரம் தட்டி, மெதுவாக நீட்டினார்.

"ஈக கெலசா இதெயா சார்?" — இப்போது வேலை இருக்கிறதா என்று.

"இதெ மேடம்."

"அப்போ ஹெல்மெட் போடுங்க."

வெளியே வந்தோம். நூறு அடி தள்ளி ஒரு பார்க். வாசலுக்கு முன்னால் அந்த சிக்னல். உச்சியில் கேமரா. அவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார், ரொம்பப் பழக்கப்பட்ட மாதிரி.

நான் நின்றுகொண்டே கேட்டேன். "எத்தனை நாள்?"

"ஏழு வாரம்."

கம்பெனியில் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு, ஒரு கவரைக் கொடுத்து, ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்களாம். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால்தான் நான் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தேன், முழு நேரமும் எழுதுவதற்காக. தைரியம் வராமல் தவித்தவளை, "நான் இருக்கேன்ல, எழுது அம்மணி" என்று தள்ளிவிட்டவரே அவர்தான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நீ மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்னிருப்பே. எழுதறதை அதோட விட்டிருப்பே. வேற வேலை கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். கெடைக்க ஏழு வாரம் ஆயிப்போச்சு."

"இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?"

"தெரிஞ்சவங்க யாரும் பார்க்கக் கூடாதுன்னுதான். ரெண்டு மணி நேரம் ரோட்டுலயே போயிரும் பாரு."

"ஹெல்மெட்?"

"நம்ம தெரு திரும்பினதும் கழட்டிருவேன். மூச்சு முட்டுச்சு. உள்ள காத்தே இல்லாத மாதிரி..."

நான் அழுதேனா? இல்லை. கோபம்தான் வந்தது. உண்மையான கோபம். ஏழு வாரம் ஒரு மனிதர் என் எதிரில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருக்கிறார், 'மீட்டிங் லேட்டாயிருச்சு' என்று கதை சொல்லியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த நாட்களில் அவர் இளைத்துப்போயிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'கணவர்களின் டயட்' என்று நகைச்சுவையாக ஒரு பத்தி எழுதினேன்.

ஏழு வாரத்தில் கேமரா அவரை ஆறு தடவை பார்த்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்த நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? வாய் திறந்தபோது வந்தது வேறு.

"அப்ப கத்திரிக்காய் சாதம் பிரமாதம்னு ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்கன்னு சொன்னீங்களே... யாருங்க சொன்னது?"

தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "பார்க் வாட்ச்மேன்."

அந்த நேரம் பார்த்து, கையில் தண்ணீர் பைப்போடு செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. இவரைப் பார்த்ததும் பைப்பை அப்படியே கீழே போட்டார்.

"சார்! எத்தனை வருஷம் ஆச்சு! உடம்பு எப்படி இருக்கு? மெடிக்கல் லீவு முடிஞ்சுதா?"

அடப்பாவி மனிதா! வாட்ச்மேனிடமும் பொய்யா?

இவர் அசடு வழிய என்னை அறிமுகம் செய்து வைத்தார். வாட்ச்மேன் பெரிதாகக் கும்பிட்டார். கிருஷ்ணகிரிக்காரராம்.

"நீங்கதானா மேடம்? உங்க கையாலதான் அப்போ மத்தியானம் சாப்பாடே. சாரு பாதிதான் சாப்பிடுவாரு, மீதி எனக்கு. ஒண்ணு சொல்லச் சொன்னேனே, சொன்னாரா?"

"என்னங்க?"

"உப்பு எப்பவும் கொஞ்சம் கம்மி."

மூன்று வருஷத்துப் பாராட்டு முப்பது நொடியில் போயிற்று. அதற்குத்தான் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எதற்கான தண்ணீர் என்று நானும் பிரித்துப் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"ஊருக்கே போயிரலாம், பெங்களூர் அலுத்துப்போச்சுன்னு சொன்னீங்களே?"

"கோயமுத்தூர் கம்பெனி ஒண்ணுதான் பதில் போட்டுச்சு."

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்த மண் மேல் உள்ள பாசத்தால் பெரிய வேலையை உதறிவிட்டு வந்தவர் என்று அவரைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். "இப்படி ஒரு மனிதரா!" என்று கடிதம் போட்டீர்கள். அவர் எதையும் உதறவில்லை. அவரைத்தான் உதறினார்கள். அந்த ஏழு வாரமும் அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்ததால்தான் இந்தப் பத்தி நிற்காமல் வந்தது. கடிதங்களை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ். ரசீதுகள், ஃபாரம், பென்சில் தேய்த்த காகிதம் எல்லாவற்றையும் கொடுத்தோம். திரும்பி வரும் ரயிலில் ஈரோடு வருவதற்குள் எங்களுக்குள் இரண்டு சண்டை முடிந்திருந்தது. ஒன்று அந்த ஏழு வாரத்துக்காக. இன்னொன்று உப்புக்காக. இரண்டாவதுதான் ரொம்ப நேரம் நடந்தது.

என்.ஓ.சி. வந்தது முப்பதாம் தேதி காலையில். கலாமணி அன்று மத்தியானமே வந்துவிட்டார். பெயர் மாற்ற விண்ணப்பத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். கலாமணி லைசென்ஸைக் காட்டினார். புதிதாக வாங்கிய சிவப்பு ஹெல்மெட்டையும் காட்டினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை அமுக்கி, சீட்டைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, கேட்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது ராசியான வண்டிங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ராசியெல்லாம் தெரியலீங்க அம்மணி" என்றார் அவர். "ஆனா ஒண்ணுங்க... ஊட்டுல பொய் சொல்லிப்போட்டு இதுல போனா மட்டும், எத்தனை வருஷமானாலும் காட்டிக் குடுத்துப்போடும்."

கலாமணி ஹெல்மெட்டை மாட்டி, பட்டையைப் போட்டு, வண்டியைக் கிளப்பினார். கேட் வரை போனவர் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"அப்படீங்களா? அப்ப வாரத்துக்கு ஒருக்கா என்ற ஊட்டுக்காரருக்கும் ஓட்டக் குடுக்கறனுங்க!"